முதலில் மூச்சு, கடைசியில் கண்ணீர்

கேள்வி – பதில்

இந்தமுறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அழுகையைப் பற்றியவை. மாத்தளை மாவட்டப் பாடசாலைகளில் சீகிரியாவின் காசியப்பன் கதையை மேடையேற்றப் போகிறார்களாம். தோட்டங்களில் காமன் கூத்துக்கு இப்போதே பேச்சு தொடங்கிவிட்டதாம். எல்லோருக்கும் ஒரே கவலை: அழுகைக் காட்சியில் கண்ணீர் வருமா? ஆகவே இந்த இதழ் முழுவதும் கண்ணீருக்கே.

● படத்தில் அழுகிறவர்கள் உண்மையாகவே அழுகிறார்களா? (ஒரு மாணவி, தம்புள்ளை)

சிலர் அழுகிறார்கள். பலருக்குக் கிளிசரின் கைகொடுக்கிறது. வேறு சிலருக்கு முதல் டேக்கில் சொந்தக் கண்ணீர், ஐந்தாவது டேக்கில் கிளிசரின். பார்த்துக்கொண்டிருந்த உங்கள் கண் நனைந்ததா? அந்தக் கண்ணீர் எப்போதும் உண்மையானது.

● அந்தக் கிளிசரின் என்னதான் செய்கிறது? வெறும் தண்ணீர் போதாதா? (பாமசி ஊழியர், மாத்தளை)

நீங்கள் தினமும் விற்கிற அதே கிளிசரின்தான். நிறமில்லை, மணமில்லை, தண்ணீரைவிடத் தடிப்பு. காற்றிலுள்ள ஈரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அதனால் எளிதில் உலராது. படப்பிடிப்பு விளக்கின் சூட்டில் தண்ணீர்த் துளி ஒன்று சட்டென்று ஓடிவிடும், இல்லாவிட்டால் காய்ந்துவிடும். கிளிசரின் துளி திரண்டு நிற்கும், மெல்ல இறங்கும், இறங்கும் வழியெல்லாம் மின்னும். பக்கவாட்டிலிருந்தோ பின்புறத்திலிருந்தோ சிறிது வெளிச்சம் பட்டால் அந்தக் கோடு கமராவுக்குத் துல்லியமாகத் தெரியும். முகத்துக்கு நேரே அடிக்கிற வெளிச்சத்தில் நிஜக் கண்ணீரே காணாமல் போவதுண்டு.

துளியை வைக்கும் இடம்தான் முக்கியம். கண்ணுக்குக் கீழே, தோலின் மேல் வையுங்கள். கண்ணுக்குள் விட்டால் கிளிசரின் விழியின் ஈரத்தை உறிஞ்சும், சுள்ளென்று எரியும், எரிச்சலில் கண்ணீர் கொட்டும். படப்பிடிப்புத் தளங்களில் இப்படியும் நடிகர்களை அழவைத்திருக்கிறார்கள். காட்சி நன்றாக வந்திருக்கலாம். அதற்காக ஒரு கண்ணை வருத்துவது எனக்குச் சம்மதமில்லை.

● கிளிசரின் தவிர வேறு வழி? (குறும்பட இயக்குநர், கலேவெல)

இரண்டு உண்டு. ஒன்று மெந்தோல் குச்சி. உதட்டுச்சாயம் போலத் திருகினால் மேலே வரும் மெழுகு. அதில் மெந்தோல் கலந்திருக்கும். கண்ணுக்குக் கீழே கன்ன எலும்பின் மேல் ஒரு மெல்லிய கோடு இழுத்தால் போதும். ஆவி மேலெழுந்து கண்ணைத் தொடும், கண் தானாகவே நீர் சுரக்கும். மற்றது ஊதுகுழல். சிறு குழாய்க்குள் மெந்தோல் பளிங்குகள், அதன் வாயில் மெல்லிய துணி. ஒப்பனைக் கலைஞர் சற்றுத் தள்ளி நின்று, நடிகரின் திறந்த கண்ணை நோக்கி மெல்ல ஊதுவார்.

இவற்றில் வருவது நடிகரின் சொந்தக் கண்ணீர் என்பதால் விழியும் சற்றுச் சிவக்கும், இமையும் நனையும். கிளிசரின் துளியில் அது இல்லை. அண்மைக் காட்சிக்கு மெந்தோல், சற்றுத் தூரக் காட்சிக்குக் கிளிசரின் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

● தலைவலித் தைலம் பூசினால் போதாதா ஐயா? வீட்டிலேயே இருக்கிறதே! (பத்தாம் தர மாணவன், உக்குவளை)

போதாது, கூடவும் கூடாது தம்பி. தைலம் வலிக்காகச் செய்யப்பட்டது. எவ்வளவு காரத்தைக் கண் தாங்கும் என்ற அளவு அதற்குத் தெரியாது. வியர்வையோடு சேர்ந்து கண்ணுக்குள் வழிந்தால் அடுத்த காட்சியை நீ கண்ணை மூடிக்கொண்டுதான் நடிக்க வேண்டும். தொடுவில்லை அணிகிறவர்கள் எந்த ஆவியையும் கண்ணருகே கொண்டுவரும் முன் வில்லையைக் கழற்றிவிட வேண்டும். தவறி எதுவும் கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரால் நன்றாகக் கழுவு. எரிச்சல் நிற்காவிட்டால் டொக்டரிடம் போ. நாடகம் காத்திருக்கும்.

● எங்கள் வயல் வெங்காயம் உரிக்கிறவரையெல்லாம் அழவைக்கிறது. நடிகரையும் அழவைக்குமா? (பெரிய வெங்காயச் செய்கையாளர், சீகிரியா)

நிச்சயமாக அழவைக்கும். வெங்காயத்தை வெட்டும்போது அதன் உயிரணுக்கள் உடைந்து, உள்ளே தனித்தனியாக இருந்த பொருள்கள் ஒன்றோடொன்று கலக்கின்றன. அதில் ஒரு வாயு பிறக்கிறது. அது விழியின் ஈரத்தில் கரைந்து உறுத்துகிறது. கழுவித் தள்ளக் கண் நீரை அனுப்புகிறது. அந்த வாயுவை உண்டாக்குவதற்கென்றே வெங்காயத்தில் தனியாக ஒரு நொதி இருக்கிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002ஆம் ஆண்டில்தான் கண்டுபிடித்தார்கள். முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கு வழங்கப்படும் இக் நோபல் பரிசு 2013இல் அவர்களுக்குக் கிடைத்தது.

ஆனால் மேடைக்கு வெங்காயம் தோதுப்படாது. கைக்குட்டையில் ஒளித்துவைத்த துண்டு தாயை மட்டும் அழவைக்காது. பக்கத்தில் நிற்கும் வில்லனையும் அழவைக்கும். வாசனை முன்வரிசைக்குப் போய்ச் சேரும். உங்கள் வெங்காயம் சந்தைக்கே போகட்டும், நல்ல விலைக்கும் போகட்டும். அறுவடை நேரத்தில் இறக்குமதி வெங்காயம் வந்து விலை விழுந்தால் உங்கள் வீட்டில் சிந்தும் கண்ணீரை எந்த நடிகராலும் ஈடுசெய்ய முடியாது.

● வெங்காயக் கண்ணீரும் துக்கக் கண்ணீரும் ஒன்றுதானா? (உயர்தர உயிரியல் மாணவி, மாத்தளை)

சுரக்கிற இடம் ஒன்று, காரணம் வேறு. கண்ணீரில் மூன்று வகை சொல்வார்கள்: விழி உலராமல் எப்போதும் நனைத்துக்கொண்டிருப்பது, புகையோ தூசோ வெங்காயமோ பட்டால் வருவது, மனம் கலங்கினால் வருவது. அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் ஃப்ரே 1980களின் தொடக்கத்தில் வெங்காயக் கண்ணீரையும் சோகப் படம் பார்த்தவர்களின் கண்ணீரையும் ஒப்பிட்டார். மனக் கலக்கத்தில் வந்ததில் புரதம் அதிகமாக இருந்தது.

நடிகருக்கு அதைவிடப் பயனுள்ள பாடம் உடற்கூற்றில் இருக்கிறது. கண்ணீர்ச் சுரப்பி கண்ணின் மேற்புறம், வெளிப்பக்கம். நீர் வடிகிற சிறு துளைகள் மூக்கோரத்து மூலையில். அங்கிருந்து ஒரு குழாய் மூக்குக்குள் இறங்குகிறது. அதனால்தான் அழும்போது மூக்கு ஒழுகுகிறது. ஒருவர் நிஜமாக அழும்போது கவனியுங்கள்: முதலில் மூச்சு தடம் மாறும். பிறகு தொண்டை அடைக்கும், நாடி நடுங்கும், மூக்கு உறிஞ்சும். கண்ணீர் கடைசியில்தான் கன்னத்துக்கு வரும். வரிசை இதுதான். பழகாத நடிகர் தலைகீழாகச் செய்கிறார்: கண்ணீரை முதலில் வரவழைத்துவிட்டு, மூச்சைச் சும்மா விட்டுவிடுகிறார். பார்ப்பவருக்கு அது ஏன் பொய்யாகத் தெரிகிறது என்று சொல்லத் தெரியாது, ஆனால் தெரியும்.

● கண் சிவக்க மட்டும் வழி உண்டா? (ஒப்பனை பழகுபவர், இறத்தோட்டை)

கேரளத்துக் கதகளி நடிகர்கள் சுண்டைச் செடியின் பூவிலிருந்து எடுத்துப் பக்குவப்படுத்திய சிறு விதையைக் கீழிமைக்குள் வைப்பார்கள். சற்று நேரத்தில் வெள்ளைவிழி செக்கச்சிவந்துவிடும். பச்சை பூசிய முகத்தில் அந்தச் சிவப்பு எண்ணெய் விளக்கொளியிலும் எரியும். அது தலைமுறை தலைமுறையாக ஆசானிடம் கற்றுச் செய்வது. நீங்கள் இமை விளிம்புக்கு வெளியே, மூக்கின் ஓரங்களில், மெல்லிய சிவப்புச் சாயம் தொட்டால் போதும். மூக்கு நுனி சிவந்தாலே முகம் பாதி அழுதுவிடும்.

● எங்கள் நாடகத்தில் தாதுசேன மன்னனைச் சிறைப்பிடித்துக் கொண்டுபோகும் காட்சி வருகிறது. மன்னனாக நடிக்கும் மாணவனுக்குக் கண்ணீரே வரவில்லை. என்ன செய்யட்டும்? (நாடகப் பொறுப்பாசிரியை, மாத்தளை)

ஆசிரியை அவர்களே, வராமல் இருப்பதே நல்லது. பழைய வரலாற்று நூலான சூளவம்சம் இந்தக் காட்சியை எப்படிச் சொல்கிறது என்று பாருங்கள். மகன் காசியப்பன் அரியணையைப் பிடித்துக்கொண்டான். ஒளித்துவைத்த செல்வம் எங்கே என்று தந்தையை நெருக்குகிறான். தன்னைக் கலாவெவக் குளத்துக்குக் கூட்டிப்போனால் காட்டுவதாகத் தாதுசேனன் சொல்கிறான். போகிற வழியில் தேரோட்டி தான் தின்னும் வறுத்த தானியத்தில் மன்னனுக்கும் கொஞ்சம் கொடுக்கிறான். மன்னன் வாங்கித் தின்கிறான். அந்த அன்புக்குக் கைம்மாறாக, அவனுக்கு வேலை கொடுக்கும்படி தன் இன்னொரு மகன் முகலனுக்கு ஓலை எழுதிக் கொடுக்கிறான். குளத்தங்கரையில் தன் நண்பரான துறவியைக் காண்கிறான். தான் கட்டிய குளத்தில் இறங்கிக் குளிக்கிறான். பிறகு, வழங்கிவரும் கதைப்படி, இரு கையாலும் நீரை அள்ளி, தன்னிடமிருக்கும் செல்வம் இவ்வளவுதான் என்கிறான்.

இதைவிடப் பெரிய அழுகைக் காட்சியை யாரால் எழுத முடியும்? இதில் மன்னன் எங்கும் அழவில்லை. உங்கள் மாணவனுக்கு அழுகிற வேலையைக் கொடுக்காதீர்கள்; தானியம் தின்கிற வேலையையும் தண்ணீர் அள்ளுகிற வேலையையும் கொடுங்கள். மேடையில் ஒரு பித்தளை அண்டாவில் நிஜத் தண்ணீர் வையுங்கள். அவன் அள்ளட்டும். விரலிடுக்கில் நீர் ஒழுகி முடியும்வரை பேசாதிருக்கட்டும். ஒழுகும் சத்தம் சபைக்குக் கேட்க வேண்டும். அதன்பிறகு வசனம், தெளிந்த குரலில். பக்கத்தில் நிற்கும் காவலாளி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும். அங்கே சபை கலங்கும். அந்தக் காவலாளி வேடத்துக்கு உங்கள் வகுப்பின் நல்ல நடிகனைப் போடுங்கள்.

● காசியப்பன் அழுதிருப்பானா? (நண்பர்கள் மூவர், தம்புள்ளை)

அவன் அஞ்சினான் என்பது தெரியும். தந்தையைக் கொன்ற பிறகு, 477 முதல் 495 வரையிலான தன் ஆட்சியில், சீகிரியாப் பாறைமேல் அரண்மனை கட்டிக்கொண்டான். விகாரை கட்டினான், தானம் செய்தான், நோன்பு இருந்தான். இவ்வளவு புண்ணியம் தேடியவனின் மனத்துக்குள் என்ன ஓடியிருக்கும் என்பதை நடிகரே தேட வேண்டும். ஒரு யோசனை: பகல் காட்சிகளில் அவன் கம்பீரமாகவே இருக்கட்டும். தனியாக இருக்கும் ஒரேயொரு இரவுக் காட்சியில், ஏதோ சத்தம் கேட்டு மூச்சைப் பிடித்துக்கொள்ளட்டும். அவனுக்கு அதுவே அழுகை.

● சீகிரியா ஓவியப் பெண்கள் யாராவது அழுகிறார்களா? (சுற்றுலா வழிகாட்டி, சீகிரியா)

ஒரு துளி கண்ணீர்கூட அங்கே தீட்டப்படவில்லை. பூவேந்தி நிற்கிறார்கள், இடுப்புக்குக் கீழே மேகம். பிதுரங்கல விகாரைக்குப் போகும் அரண்மனைப் பெண்கள் என்றார் தொல்லியலாளர் எச். சி. பி. பெல். மேகமும் மின்னலும் பெண்ணுருவில் நிற்கின்றன என்றார் செனரத் பரணவிதான. ஆனால் பல நூற்றாண்டுகளாகப் பாறையேறியவர்கள் கண்ணாடிச் சுவர் எனப்படும் மெருகிட்ட சுவரில் கீறிவைத்த கவிதைகளைப் பாருங்கள். அவற்றில் 685ஐப் பரணவிதான 1956இல் பதிப்பித்தார். அந்த முகங்களில் சிலர் காதலைக் கண்டார்கள், சிலர் கல்நெஞ்சைக் கண்டார்கள், சிலர் மன்னனை இழந்த துயரத்தைக் கண்டார்கள். ஓவியன் கண்ணில் நீரை வைக்கவில்லை. இமையைச் சற்றே தாழ்த்தி, கழுத்தைச் சற்றே சாய்த்தான். மீதியைப் பார்த்தவர்கள் போட்டுக்கொண்டார்கள். நடிக்க வருகிறவர்களை அந்தக் கழுத்துகளின் சாய்வைப் பார்க்கச் சொல்லி அழைத்துப் போங்கள்.

● சீகிரியாவில் படமெடுத்திருக்கிறார்களா? அங்கே அழுகைக் காட்சி எடுப்பது சுலபமா? (வீடியோ கலைஞர், ஹபரணை)

எடுத்திருக்கிறார்கள். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் காசியப்பன் கதையை 'த கோட் கிங்' என்று ஆங்கிலத்தில் எடுத்தார், 1974இல் வந்தது. காசியப்பனாக நடித்தவர் லீ லோசன் என்ற பிரித்தானிய நடிகர். 1982இல் டுரான் டுரான் இசைக்குழு தன் பாடலொன்றுக்கு இந்தப் பாறையின் உச்சியில் படம்பிடித்தது.

அழுகைக்கு அது கடினமான இடம். உலர்வலயத்து வெயில், மேலே ஓயாத காற்று, ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் ஏறிவந்த வியர்வை. வியர்வைக்கும் கண்ணீருக்கும் கமரா வேறுபாடு காட்டாது. காற்று கிளிசரின் துளியைக் காதுப்பக்கம் இழுத்துவிடும். பறக்கும் தூசு அதில் ஒட்டிக்கொள்ளும். தூரக் காட்சியை மட்டும் பாறையில் எடுங்கள். கண்ணீர் தெரியும் அண்மைக் காட்சியைக் கீழே மர நிழலில், அதே திசை வெளிச்சத்தில் எடுங்கள். உச்சியில் கத்தி அழவேண்டிய காட்சி எழுதாதீர்கள். அந்தப் பாறையில் குளவிக்கூடுகள் உண்டு. சத்தம் அவற்றுக்கு ஆகாது.

● எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தில் ரதி வேடம் கட்டுவது என் தம்பி. ஒப்பாரிக் கட்டத்தில் அவனுக்குக் கண்ணீர் வருவதில்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள். கிளிசரின் வாங்கிக் கொடுக்கட்டுமா? (ஓர் அண்ணன், எல்கடுவை)

வாங்க வேண்டாம் அண்ணா. காமன் கூத்தில் ரதி அழுவதை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை, காதால் பார்க்கிறார்கள். மாசியில் கம்பம் ஊன்றிய நாள்முதல் ரதியும் மதனும் லயத்துக்கு லயம் ஆடிவருகிறார்கள். ஊரே அவர்களைத் தன் வீட்டுப் பிள்ளைகளாக ஏற்றுக்கொள்கிறது. பௌர்ணமி இரவில் சிவனின் தவத்தைக் கலைக்கப் போகவேண்டாம் என்று ரதி மன்றாடுகிறாள். மதன் போகிறான், எரிகிறான். அதன்பிறகு ரதி பாடுவது இழவு வீட்டில் நம் பெண்கள் பாடுகிற அதே மெட்டு, அதே இழுப்பு. கேட்கிற ஒவ்வொருத்தியும் தன் புருஷனுக்காக, தன் பிள்ளைக்காக, மலையிலிருந்து சறுக்கி விழுந்தவனுக்காக, கடல்கடந்து போய்த் திரும்பாதவனுக்காக அழுகிறாள். ஒருவருடத் துக்கத்தை அந்த ஓரிரவில் இறக்கிவைக்கிறாள்.

உங்கள் தம்பியின் வேலை அந்தப் பெண்களுக்கு வழிவிடுவது. ஒப்பாரியின் ஒவ்வோர் அடி முடிவிலும் மூச்சு முழுதாகத் தீரும்வரை இழுக்கட்டும். அடுத்த அடிக்கு முன் மூச்செடுக்கும் விம்மல் கேட்கட்டும். தப்படிக்கிறவரிடம் சொல்லி அந்த இடத்தில் அடியைத் தணிக்கச் சொல்லுங்கள். விம்மலை மூடும் தப்பு, ரதியைக் கொன்றுவிடும். அவன் விரதம் இருந்து, ஊர் மதிக்கும்படி வேடம் கட்டுகிறான். மூன்றாம் நாள் மதன் உயிர்த்தெழுவான். அப்போது ரதியின் முகத்தில் வரும் மகிழ்ச்சியையும் அதே கவனத்தோடு ஒத்திகை பார்க்கச் சொல்லுங்கள்.

● மேடையில் சிந்தும் கண்ணீர் கடைசி வரிசைக்குத் தெரியுமா? (சபாபதி வேடம் போட ஆசைப்படுபவர், உக்குவளை)

தெரியாது. நாலாவது வரிசைக்கே சந்தேகம். மேடைக்கு அழுகை தோளில், முதுகில், கையில் இருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்து நடிகமணி வி. வி. வைரமுத்துவை நினைத்துப் பாருங்கள். அரிச்சந்திர மயான காண்டம் என்றால் ஈழத்தில் அவர் பெயர்தான். திறந்தவெளி மேடை, விடிய விடியச் சனம். இறந்த மகனைச் சுமந்து சந்திரமதி வருகிறாள். சுடலை காக்கும் அரிச்சந்திரன் கட்டணத்தைக் கேட்க வேண்டும். அவள் தன் மனைவி, பிணம் தன் பிள்ளை என்று தெரிந்த பிறகும் கேட்க வேண்டும். கடமை அவன் அழுகையைத் தொண்டையில் பிடித்து வைத்திருக்கிறது. அந்தப் பிடியைக் குரலில் காட்டினால் போதும், கடைசி வரிசையில் பாயில் படுத்திருக்கும் பாட்டிக்கும் போய்ச் சேரும்.

● ஆண் வேடக்காரர் அழலாமா? (ஒரு தந்தை, கலேவெல)

அழலாம். இராமன் அழுதான், அரிச்சந்திரன் அழுதான், சிவாஜி கணேசன் அழுதபோது நாடே அழுதது. அழாதே என்று மகனுக்குச் சொல்லும் பழக்கத்தை நாம் விட்டால் மேடையில் நல்ல நடிகர்கள் கிடைப்பார்கள். வீட்டில் நல்ல மகன்கள் கிடைப்பார்கள்.

● தமிழில் இதற்கு இலக்கணம் உண்டா? (தமிழ் சிறப்புக் கற்கை மாணவர், பேராதனை)

உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் அழுகையை ஒன்றாக வைக்கிறது. அது பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: பிறர் இகழ்வதால் வரும் இளிவு, உற்றாரையோ பொருளையோ பறிகொடுக்கும் இழவு, முன்னிருந்த நிலை தாழும் அசைவு, வறுமை. நடிகருக்கு இதைவிடக் கூர்மையான கருவி கிடையாது. "அழு" என்று சொல்லாமல் "எந்த அழுகை?" என்று கேளுங்கள். இளிவில் அழுகிறவர் முகத்தை மறைப்பார். இழவில் அழுகிறவர் எதையாவது பற்றிக்கொள்வார். நிலை தாழ்ந்தவர் நிமிர்ந்து நிற்க முயல்வார். தாதுசேனன் அந்த வகை. வறுமையில் அழுகிறவருக்குச் சத்தமிட்டு அழவும் தெம்பிராது.

வடமொழி நாட்டிய சாத்திரமும் கண்ணீரைத் தனியே விடவில்லை. வியர்வை, மயிர்க்கூச்செறிதல், குரல் தழுதழுத்தல், நடுக்கம், முகம் வெளிறுதல் முதலியவற்றோடு எட்டில் ஒன்றாகச் சேர்த்தது. கூட்டாளிகள் வந்தால் கண்ணீரும் தானே வரும்.

● சாவித்திரி கிளிசரின் இல்லாமலே அழுவாராமே? (பழைய பட ரசிகை, மாத்தளை)

திரையுலகில் அப்படிப் பல கதைகள் சொல்வார்கள். கதையை விடுங்கள், படத்தைப் பாருங்கள். பீம்சிங் இயக்கி 1961இல் வந்த பாசமலரில் அவர் கண்களில் நீர் நிறைந்து நிற்பதைக் கவனியுங்கள். அதை விழவிடாமல் சிரிக்க முயல்வார். விழுந்த துளியைவிட விழப்போகும் துளிதான் நம்மை உலுக்கும்.

● சொந்தத் துக்கத்தை நினைத்து அழுவது சரியா? (நாடகப் பயிலுநர், தம்புள்ளை)

மிகப் பழைய கேள்வி. பண்டைக் கிரேக்க நடிகர் போலஸ், தம்பியின் சாம்பல் என்று நம்பிக் கலசத்தை அணைத்து அழும் எலெக்ட்ரா வேடத்தில், இறந்துபோன தன் சொந்த மகனின் சாம்பற்கலசத்தையே ஏந்திவந்து அழுதார் என்று உரோம எழுத்தாளர் அவுலஸ் கெல்லியஸ் எழுதிவைத்திருக்கிறார். ரஷ்ய ஆசான் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி உணர்ச்சி நினைவைப் பயிற்சியாக்கினார். பிற்காலத்தில் உடற்செயலே உணர்ச்சிக்கு நம்பகமான வாசல் என்ற பக்கம் போனார். பிரெஞ்சு அறிஞர் திதெரோ நேர்மாறாக, நல்ல நடிகர் உள்ளே கலங்கக் கூடாது என்று வாதிட்டார். அந்த நூல் அவர் இறந்த பின் 1830இல் வெளியானது.

என் கருத்தைக் கேட்டால்: ஆறிய புண்ணைத் தொடலாம், ஆறாத புண்ணைத் தொடக்கூடாது. போரும் சுனாமியும் கண்ட நாடு இது. ஒத்திகை அறையில் யார் மடியில் என்ன கனம் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. ஆசிரியர்கள் தயவுசெய்து "உன் அம்மா செத்துப்போனதாக நினைத்துக்கொள்" என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லாதீர்கள். மூச்சைக் கற்பியுங்கள். நாலு முறை குறுகிய மூச்சு உள்ளே, ஒரு நீண்ட மூச்சு நடுக்கத்தோடு வெளியே. வாயை மூடிக் கொட்டாவியை அடக்கச் சொல்லுங்கள். சில விநாடி இமைக்காமல் பார்க்கச் சொல்லுங்கள். பலருக்குக் கண் நனையும். யார் மனமும் காயப்படாது.

● சின்னப் பிள்ளைகளை அழவைக்கச் சிறந்த வழி எது? (குறும்பட இயக்குநர், மாத்தளை)

ஏமாற்றாதது எதுவோ அது. 1931இல் 'ஸ்கிப்பி' என்ற ஹொலிவூட் படத்தில், சிறுவன் ஜாக்கி கூப்பரை அழவைக்க அவனுடைய நாயைச் சுடப்போவதாக இயக்குநர் மிரட்டினார். துப்பாக்கிச் சத்தமும் கேட்கவைத்தார்கள். பிள்ளை கதறினான், காட்சி கிடைத்தது, இயக்குநருக்கு ஒஸ்கார் விருதும் கிடைத்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து 1981இல் கூப்பர் எழுதிய தன்வரலாற்றின் தலைப்பே அந்த நாயைச் சுடவேண்டாம் என்ற கெஞ்சல். அந்தப் படம் எவ்வளவு நல்ல படமாக இருந்தாலும், செய்தது கொடுமை. பிள்ளையிடம் "இது விளையாட்டு, நீ அழுகிற மாதிரி செய், நான் ஒரு துளி வைக்கிறேன்" என்று சொல்லுங்கள். பிள்ளைகள் நம்மைவிட நன்றாக நடிப்பார்கள்.

● கண்ணாடியில் கண்ணீர் செய்திருக்கிறார்களாமே? (சித்திரப் பாட மாணவி, தம்புள்ளை)

ஆமாம். மான் ரே 1932இல் எடுத்த புகழ்பெற்ற புகைப்படத்தில் கன்னத்தில் இருப்பவை கண்ணாடி மணிகள். பதினேழாம் நூற்றாண்டிலேயே ஸ்பெயினின் சிற்பிகள் துயருறும் மாதாவின் மரச்சிலையில் கண்ணாடிக் கண்ணீர் பதித்தார்கள். மெழுகுதிரி வெளிச்சத்தில் அவை அசைவதுபோல் தெரியும். மனிதர்கள் அவற்றின் முன் முழந்தாளிட்டு நிஜக் கண்ணீர் சிந்தினார்கள்.

● இனிமேல் கணினியே கண்ணீர் போட்டுவிடுமே? (ஐரி மாணவன், கலேவெல)

இப்போதே போடுகிறது, வேண்டாத துளியை அழிக்கவும் செய்கிறது. ஒரு ஷொட்டில் இடது கன்னம், அடுத்ததில் வலது கன்னம் என்று மாறிப்போனதைச் சரிசெய்ய அது நல்ல உதவி. ஆனால் கன்னத்தில் துளியைப் போட்டாலும் அதற்கு முன்னால் தொண்டை அடைத்திருக்க வேண்டுமே! அது நடிகர் தந்தால்தான் உண்டு.

● அழுகைக் காட்சி முடிந்ததும் நடிகரை என்ன செய்ய வேண்டும்? (பாடசாலை நாடகக் குழுத் தலைவி, மாத்தளை)

இதைக் கேட்டதற்காகவே உங்களுக்கு நன்றி சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை. உடலுக்கு நடிப்பு எது, நிஜம் எது என்று முழுதாகத் தெரியாது. விம்மிய மூச்சு அடங்க நேரம் எடுக்கும். முகத்தைக் கழுவக் குளிர்ந்த தண்ணீரும், ஒப்பனையைத் துடைக்கத் தனித் துணியும் வையுங்கள். குடிக்கக் கொடுங்கள். வேடத்தின் பெயரை விட்டுவிட்டு, சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். உடனே கைதட்டிக் கும்மாளம் போடவும் வேண்டாம், சூழ்ந்து நின்று விசாரிக்கவும் வேண்டாம். ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். யாராவது அழுகையை நிறுத்த முடியாமல் தவித்தால் அன்றைய ஒத்திகையை அத்தோடு முடித்துவிட்டு, நம்பகமான ஆசிரியரிடம் சொல்லுங்கள். உங்கள் ஒத்திகை அட்டவணையில் அழுகைக் காட்சிக்கு எதிரே இன்னொரு பத்து நிமிடத்தையும் எழுதிவையுங்கள். எந்த அவசரத்திலும் அந்தப் பத்து நிமிடத்தை வெட்டாதீர்கள்.